வேலை தெரிந்தால் போதுமா? சொல்லத் தெரிய வேண்டாமா?

நாற்று நடப் பழக வேண்டும். தறியில் உட்காரப் பழக வேண்டும். லேத்து மெஷினில் இரும்பைக் கடையவும் பழக வேண்டும். பழகாத கையில் எந்த வேலையும் உருப்படாது. இது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், வேலை செய்யும் இடத்தில் பேசுவதற்கு மட்டும் பழக்கம் எதுவும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள்.

"வாய் இருக்கிறது, பேசுகிறான். இதில் கற்றுக் கொடுக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள்.

நிறைய இருக்கிறது!

ஒரு சொல் தவறினால் சரக்கு கெடும். சில சமயம் உயிரே போகும். சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னால் ஓர் ஊரே பிழைக்கும். அப்படி ஓர் ஊர் பிழைத்த கதை புதுச்சேரி மண்ணிலேயே நடந்திருக்கிறது.

ஷிப்டு மாறும் நேரம்

வில்லியனூர் என்றால் திருக்காமீசுவரர் கோயில் தேர் நினைவுக்கு வரும். பாகூர் என்றால் ஏரியும் நெல்லும் நினைவுக்கு வரும். ஆனால், இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் இப்போது ஏர் பிடிப்பதில்லை. சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறார்கள். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். பெண் பிள்ளைகளும் டிபன் டப்பாவுடன் விடியற்காலையில் பஸ் ஏறுகிறார்கள்.

வேலை அவர்களுக்குத் தெரியும். கையில் சர்ட்டிபிகேட்டும் இருக்கிறது. குறை எங்கே வருகிறது?

ஷிப்டு மாறும் நேரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறார். அடுத்தவர் வந்து நிற்கிறார்.

"அண்ணே, மெஷின் ஒரு மாதிரியா இருக்கு. கொஞ்சம் பார்த்துக்குங்க."

"சரி தம்பி."

இவ்வளவுதான் பேச்சு! எந்த மெஷின்? என்ன கோளாறு? எப்போதிலிருந்து? ஓட்டலாமா, கூடாதா? ஒன்றும் தெரியாது. சொன்னவர், 'சொல்லிவிட்டோம்' என்ற நிம்மதியோடு பஸ் ஏறிவிடுவார். கேட்டவர், 'கேட்டுக் கொண்டோம்' என்று நினைத்துப் பட்டனை அழுத்துவார். நடுவில் ஒருவர் விரல் நசுங்கினால், யாரைக் குற்றம் சொல்வது?

அதே செய்தியை இப்படிச் சொல்லலாம்:

"அண்ணே, மூணாம் நம்பர் மெஷின். ரெண்டு மணியிலிருந்து வலது பக்கம் எண்ணெய் கசியுது. நான் நிறுத்திட்டேன். பிட்டர் வந்து பார்க்கிற வரைக்கும் ஓட்டாதீங்க."

கேட்டவர் இப்படிப் பதில் சொல்லலாம்:

"மூணாம் நம்பர். வலது பக்கம் எண்ணெய் கசிவு. பிட்டர் வர்ற வரைக்கும் ஓட்டக் கூடாது. சரிதானே தம்பி?"

கூடுதலாக ஆன நேரம் அரை நிமிஷம். இந்த அரை நிமிஷப் பேச்சு தானாக வராது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

583 உயிர்கள்

படிப்பு குறைந்தவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி தேவை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

1977-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில் ஒரு விமான நிலையம். பனிமூட்டம் கண்ணை மறைத்தது. ஒரே ஓடுபாதையில் இரண்டு பெரிய ஆகாய விமானங்கள் இருந்தன. ஒன்று புறப்பட நின்றது. மற்றொன்று அதே பாதையில் ஊர்ந்து வந்து கொண்டிருந்தது.

புறப்பட நின்ற விமானத்தின் தலைமை விமானி சாதாரணமானவர் அல்லர். மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர். கோபுரத்திலிருந்து வந்த பேச்சை, புறப்பட உத்தரவு என்று அவர் எடுத்துக் கொண்டார். விமானம் ஓடத் தொடங்கியது. "அந்த விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ?" என்று கூட இருந்த என்ஜினீயர் கேட்டார். தலைமை விமானி அதைக் காதில் வாங்கவில்லை. என்ஜினீயரும் மறுபடி அழுத்திச் சொல்லவில்லை.

சில விநாடிகள்தான். இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டார்கள்.

அந்த விமானங்களில் இருந்தவர்களுக்கு வேலை தெரியாமலா இருந்தது? நன்றாகத் தெரியும். சொன்னது சரியாகப் புரிந்ததா என்று சரிபார்க்கவில்லை. கீழே இருப்பவர் தைரியமாகச் சொல்லவில்லை. மேலே இருப்பவர் பொறுமையாகக் கேட்கவில்லை.

விமானக் கம்பெனிகள் அதிலிருந்து பாடம் படித்தன. 1979-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இதற்காகவே ஒரு கூட்டம் கூட்டியது. 1981-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் கம்பெனி தன் விமானிகளுக்கு இப்படிப்பட்ட பயிற்சியைத் தொடங்கியது. எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்பது, பெரியவர் தவறு செய்யும்போது சின்னவர் எப்படித் தடுப்பது என்று வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் விமானிகள் இந்தப் பயிற்சி பெறுகிறார்கள்.

ஆஸ்பத்திரிகளும் இதே வழிக்கு வந்தன. ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டிய ஒரு பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்டது. நோயாளி யார், எந்த இடத்தில் ஆபரேஷன் என்று கேட்டுச் சொல்ல வேண்டும். டாக்டரும் நர்சும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லிக் கொள்ள வேண்டும். கருவிகளையும் பஞ்சையும் எண்ணிச் சொல்ல வேண்டும். டெல்லி உள்பட 8 நகரங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். அந்த ஆஸ்பத்திரிகளில் முன்பு 1,000 நோயாளிகளில் 15 பேர் இறந்தார்கள். பட்டியல் வந்த பிறகு அது 8 ஆகக் குறைந்தது.

புது மருந்து இல்லை. புதுக் கருவி இல்லை. ஒருவருக்கொருவர் சரியாகச் சொல்லிக் கொண்டார்கள். அவ்வளவுதான்!

வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூடம்

இதெல்லாம் விமானிக்கும் டாக்டருக்கும் சரி, கிராமத்துப் பெண்ணுக்கு இந்தப் பயிற்சி பலிக்குமா என்று சிலர் கேட்கக் கூடும். அதற்கு வில்லியனூரே பதில் சொல்லும்.

1998-ல் விவசாய விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம், வில்லியனூரைத் தலைமை இடமாக வைத்து ஒரு வேலையைத் தொடங்கியது. கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் அதற்கு உதவி செய்தது. சுற்றிலும் உள்ள கிராமங்களில் தகவல் நிலையங்கள் அமைக்கப்பட்டன. பிறகு அவற்றுக்கு 'அறிவு மையம்' என்று பெயர் வந்தது.

கீழூரில் ஒரு மையம். 1954-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, புதுச்சேரி இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் ஓட்டுப் போட்டார்களே, அதே கீழூர்தான்! எம்பலத்தில் ஒரு மையம். கடற்கரையில் வீராம்பட்டினத்தில் ஒரு மையம். இப்படிப் பல ஊர்கள்.

இடத்தை ஊர் மக்களே கொடுத்தார்கள். எந்தச் சாதிக்காரர் ஆனாலும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. வேலை செய்யும் தொண்டர்களையும் ஊரே தேர்ந்தெடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தந்த ஊர்ப் பெண்கள்.

அவர்களுக்கு என்ன பயிற்சி? கம்ப்யூட்டரைக் கையாளுவது ஒரு பகுதிதான். பெரிய பகுதி வேறு. ஊருக்கு எந்தத் தகவல் வேண்டும் என்று கேட்டறிவது, அதைச் சேகரிப்பது, தமிழில் புரியும்படி எழுதுவது, வந்தவருக்கு எடுத்துச் சொல்வது. நெல் என்ன விலை, உரம் எங்கே கிடைக்கும், ஏழைக் குடும்பத்துக்குச் சர்க்கார் என்ன உதவி தருகிறது, டாக்டர் எப்போது வருவார் என்பவைதான் அவர்களுடைய பாடம்.

கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு சேவையும் நடந்தது. கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற குறிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும். வில்லியனூரில் அதை எடுத்துத் தமிழில் மாற்றி வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்.

கட்டுமரம் தள்ளுகிறவருக்கு விஞ்ஞானப் பாடம் வேண்டாம். இன்று அலை எப்படி, காற்று எப்படி, இரண்டு வார்த்தையில் சொன்னால் போதும். விஞ்ஞானி எழுதியதை மீனவர் காதுக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்வது பெரிய தொழில். அந்தத் தொழிலைப் புதுச்சேரிக் கிராமத்துப் பெண்கள் கற்றுக் கொண்டார்கள், செய்தும் காட்டினார்கள்.

நல்லவாடு பிழைத்தது

அந்தப் பழக்கத்துக்கு ஒரு பரீட்சை வந்தது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை.

புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள மீனவ கிராமம் நல்லவாடு. அங்கும் ஓர் அறிவு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அந்த ஊர் மீனவர் மகன் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். அவர் முன்பு அதே திட்டத்தில் தொண்டராக இருந்தவர் என்று அப்போதைய செய்திகள் கூறின. இந்தோனேசியாவில் பூகம்பம், கடல் பொங்கியது என்ற செய்தியை அவர் டெலிவிஷனில் பார்த்தார். உடனே ஊருக்குப் போன் செய்தார். கடல் நீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள்.

"வீட்டை விட்டு ஓடுங்கள். ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள்" என்பதுதான் அவர் சொன்ன செய்தியின் சாரம்.

ஊர்க்காரர்கள் பூட்டியிருந்த மையத்தைத் திறந்தார்கள். ஒலிபெருக்கி முழங்கியது. நாள்தோறும் கடல் செய்தி சொல்லும் அதே குழாய், 'ஓடுங்கள்' என்று சொன்னது. மக்கள் அதை நம்பினார்கள். ஓடினார்கள்.

சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் நாசமாயின. ஆனால், நல்லவாட்டில் இருந்த சுமார் 3,600 பேரும் பிழைத்தார்கள்!

இதில் கவனிக்க வேண்டியது என்ன? பார்த்தவர், தனக்குள் வைத்துக் கொள்ளவில்லை. கேட்டவர், 'அப்படியெல்லாம் இருக்காது' என்று தட்டவில்லை. அறிவித்தவர், சுற்றி வளைக்கவில்லை. கேட்ட ஊர், அந்தக் குரலுக்குப் பழகியிருந்தது. நான்கு கண்ணியும் சேர்ந்த சங்கிலி அது. ஒன்று அறுந்திருந்தாலும் ஊர் பிழைத்திருக்குமா என்பது சந்தேகம்.

பிறகு 2007-ல் ஐதராபாத்தில் இந்திய அரசின் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. கருவிகள் பெருகிவிட்டன. ஆனாலும், கடைசி ஆள் காதில் செய்தியைப் போட இன்னமும் ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

ஐந்து பாடங்கள்

தொழிற்சாலையிலும் ஆஸ்பத்திரியிலும் இதே சங்கிலிதான் வேண்டும். அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடங்கள் ஐந்து.

முதல் பாடம்: தலையானதை முதலில் சொல். எங்கே, என்ன, எப்போது, என்ன செய்ய வேண்டும். காரணத்தைப் பிறகு சொல்லலாம்.

இரண்டாம் பாடம்: கேட்டதைத் திருப்பிச் சொல். 'சரி' என்ற ஒரு சொல்லை நம்பக் கூடாது. தலையை ஆட்டுவதை அதைவிட நம்பக் கூடாது.

மூன்றாம் பாடம்: எண்ணைப் பிரித்துச் சொல். போனில் எழுபதும் எண்பதும் ஒன்று போலக் கேட்கும். 'ஏழு, சைபர்' என்றால் தவறு வராது.

நான்காம் பாடம்: புரியவில்லை என்றால் கேள். கேட்பது அவமானம் ஆகாது. கேட்காமல் செய்து கெடுப்பதுதான் நஷ்டம்.

ஐந்தாம் பாடம்: எழுதி வை. ஷிப்டு நோட்டில் இரண்டு வரி போதும். எழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை. அடுத்தவருக்குப் புரிந்தால் சரி.

இவற்றைப் புத்தகம் வைத்து ஒப்பிக்க வைத்தால் பலன் இல்லை. நடித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மேஸ்திரி, ஒருவர் தொழிலாளி. ஒருவர் நர்ஸ், ஒருவர் டாக்டர். செய்தி சொல்ல வேண்டும். தவறினால் மறுபடியும் சொல்ல வேண்டும். நீச்சலைத் தண்ணீரில்தான் பழக முடியும்!

இங்கிலீஷ் வந்தால் போதுமா?

பேச்சுப் பயிற்சி என்றவுடன் பெற்றோர் பலர் இங்கிலீஷ் வகுப்பைத் தேடுகிறார்கள். பணம் கட்டிச் சேர்க்கிறார்கள். இங்கிலீஷ் கற்பது நல்லதுதான். சில உத்தியோகங்களுக்கு அது இல்லாமல் முடியாது. அதை யாரும் தடுக்க வேண்டாம்.

ஆனால், தமிழில் ஒரு செய்தியை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர், இங்கிலீஷ் கற்றாலும் அதையே குழப்பமாகத்தான் சொல்வார். பாஷை மாறும், குழப்பம் மாறாது. முதலில் தாய்மொழியில் தெளிவு வரட்டும். அந்தத் தெளிவு இங்கிலீஷுக்கும் கூட வரும். வில்லியனூர்த் திட்டம் தமிழில் நடந்ததால்தான் ஊருக்குள் நுழைந்தது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். அடக்கமான பெண் அதிகம் பேச மாட்டாள் என்று வீட்டில் சொல்லி வளர்க்கிறார்கள். அந்தப் பெண் கம்பெனியில் கோளாறைக் கண்டும் வாய் திறக்கத் தயங்குகிறாள். 'வேலை நன்றாகச் செய்கிறாள், ஆனால் பேச வரவில்லை' என்று பதவி உயர்வில் அவளைத் தள்ளி விடுகிறார்கள். திறமை இருந்தும் கூலி உயரவில்லை. வளர்த்தவர்கள் கட்டிய வாய்ப்பூட்டு, வருமானத்தையும் பூட்டி விடுகிறது. வேலை இடத்தில் தெளிவாகப் பேசுவது வாயாடித்தனம் ஆகாது. அது வேலையின் ஒரு பகுதி.

மேலே இருப்பவருக்கும் வகுப்பு

பயிற்சி தொழிலாளிக்கு மட்டும் என்றால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். மேஸ்திரிக்கும் சூபர்வைசருக்கும் மானேஜருக்கும் கேட்கப் பயிற்சி வேண்டும்.

கெட்ட செய்தி கொண்டு வருபவர் மேல் எரிந்து விழுந்தால், அடுத்த முறை அவர் செய்தியே கொண்டு வர மாட்டார். கோளாறு மறைந்து வளரும். சொன்னவரை, "சொன்னது நல்லது" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாராட்டினால், நூறு கண்கள் அந்தத் தொழிற்சாலையைக் காக்கும்.

வில்லியனூர்த் தேரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தத் தேரின் வடத்தைக் கவர்னர் பிடித்துத் தொடங்கி வைப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம். ஆயிரம் கைகள் வடத்தை இழுக்கும். சக்கரத்தடியில் கட்டை போடுபவர் சிலரே. அவர் 'நிறுத்து' என்று கை காட்டினால் வடம் நிற்க வேண்டும். அங்கே அவர் சின்னவரா பெரியவரா என்று யாரும் பார்ப்பதில்லை. சக்கரத்தின் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் சக்கரம் தெரியும்!

மெஷினின் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் மெஷின் தெரியும். நோயாளியின் பக்கத்தில் இருக்கும் நர்சுக்குத்தான் நோயாளியின் நிலை தெரியும்.

யார் செய்ய வேண்டும்?

தொழிற்பயிற்சி நிலையங்களில் 'வேலைத்திறன்' என்று ஒரு பாடம் இருக்கிறது. அதைப் பரீட்சைக்குப் படிக்கும் பாடமாக விட்டு விடாமல், தினம் பழகும் பாடமாக்க வேண்டும். மெஷின் பழகும்போதே, மெஷினைப் பற்றிச் சொல்லவும் பழக்க வேண்டும்.

முதலாளிகள் இந்தப் பயிற்சியை வேலை நேரத்திலேயே நடத்த வேண்டும். சம்பளத்தைப் பிடித்துக் கொண்டு நடத்தினால் யாரும் மனதார வர மாட்டார்கள். 'நேரம் வீண்' என்று அவர்கள் நினைக்கக் கூடும். தவறான அளவு சொல்லிக் கெட்ட ஒரு நாள் சரக்கின் விலையைப் பயிற்சிச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கணக்கு தானே பேசும்.

சொல்லிக் கொடுக்கப் பட்டணத்திலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்பதில்லை. அனுபவமுள்ள தொழிலாளி, ஓய்வு பெற்ற ஆசிரியர், நர்ஸ், சுய உதவிக் குழுவை நடத்தும் பெண்மணி ஆகியோருக்கு முதலில் பயிற்சி கொடுத்தால், அவர்கள் ஊருக்கே கொடுப்பார்கள். வில்லியனூரில் நடந்தது இதுதான்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளையைப் பயிற்சி நிலையத்தில் சேர்க்கும்போது, "என்ன மெஷின் இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். கூடவே, "பேசிப் பழக என்ன ஏற்பாடு?" என்றும் கேட்கட்டும். கேட்க ஆள் இருந்தால் ஏற்பாடும் வரும்.

'பாதுகாப்பே முதல்' என்று தொழிற்சாலை வாசலில் பலகை தொங்குகிறது. பலகை எண்ணெய்க் கசிவைக் கண்டு சொல்லாது. மனிதர்தான் சொல்ல வேண்டும். சொல்ல அவருக்குப் பழக்குங்கள். சொன்னால், கேளுங்கள்!